கணிப்பொறியின் நாடி பார்ப்போம்

அறிவியலின் வளர்ச்சியால் இன்று கணிப்பொறி நுழையாத இடமே இல்லை எனலாம். வங்கியிலும் மருத்துவமனையிலும், இரயில் நிலையத்திலும் நியாய விலைக் கடையிலும், பள்ளி அலுவலகத்திலும் அது அமர்ந்திருக்கிறது. நம் அன்னையர் கையிலுள்ள கைப்பேசியும் ஒரு கணிப்பொறியே. அது நன்றாக ஓடும்போது நாம் அதைப் பற்றிச் சிந்திப்பதில்லை. அது தயங்கி நிற்கும்போதோ, உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். "பழசாகிவிட்டது", "வைரஸ் புகுந்துவிட்டது", "புதிதாக வாங்கினால்தான் சரிப்படும்" என்னும் மூன்று தீர்ப்புகளே பெரும்பாலும் நம் வாயில் வருபவை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் உண்மையிலேயே கோணலா என்று நூல் பிடித்துப் பார்ப்பதல்லவா முறை? காரணம் தெரியாமல் ஒரு கணிப்பொறியைத் தூக்கி எறிவது, ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைத் தூக்கி எறிவதாகும். மருத்துவர் முதலில் நாடி பார்க்கிறார். பிறகே மருந்து எழுதுகிறார். அதுபோல் கணிப்பொறிக்கும் நாடி பார்க்கும் கருவிகள் உண்டு. லினக்ஸ் என்னும் இயக்க முறைமையில் அக்கருவிகள் விலையின்றியே கிடைக்கின்றன. அவை யாவை, அவற்றை நிறுவுவது எப்படி, பயன்படுத்துவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

லினக்ஸ் பிறந்த கதை

1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் படித்து வந்தார். தம் சொந்தக் கணிப்பொறியில் ஓடுவதற்காக ஓர் இயக்க முறைமையைத் தாமே எழுதத் தொடங்கினார். அதை அவ்வாண்டே உலகோர் அனைவருக்கும் திறந்து காட்டினார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்னும் உரிமத்தின் கீழ் 1992-இல் அதைக் கொண்டுவந்தார். அன்று ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகளே இருந்த அந்நிரல், இன்று மூன்று கோடி வரிகளையும் தாண்டிவிட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருப்பதும் லினக்ஸின் கெர்னலே. உலகின் மிக விரைவான ஐந்நூறு கணிப்பொறிகளின் பட்டியலில் உள்ள அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே ஓடுகின்றன.

தமிழகத்திற்கும் இதில் பங்கு உண்டு. மைய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ் லினக்ஸ்' என்பதை உருவாக்கியது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட பொறிகளில் அது இடம்பெற்றது. அக்காள்மார் வாங்கி வந்த அந்த மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்றும் அலமாரியில் உறங்கிக்கொண்டிருக்கலாம். அவற்றை எழுப்பிப் பார்ப்பதற்கும் இக்கட்டுரை உதவும்.

கெர்னல் என்பது யாது?

கெர்னல் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு விதையின் உள்ளே இருக்கும் பருப்பு என்று பொருள். இயக்க முறைமையின் நடுவில் இருந்து எல்லாவற்றையும் ஆளும் பகுதிக்கு அப்பெயர் வைத்தனர். அதன் பணியை ஒரு விடுதியைக் கொண்டு எளிதில் விளக்கலாம்.

விடுதி மாணவியர் யாரும் நேரே களஞ்சியத்திற்குள் நுழைந்து அரிசி எடுப்பதில்லை. தொலைபேசியைத் தாமே எடுத்துப் பேசுவதில்லை. வாயிற்கதவைத் தாமே திறப்பதில்லை. எதற்கும் காப்பாளர் சகோதரியின் சாளரத்திற்குச் சென்று கேட்க வேண்டும். அவர்களே எடுத்துத் தருவார்கள், அல்லது "இல்லை" என்பார்கள், அல்லது "சற்றுக் காத்திரு" என்பார்கள். கணிப்பொறியில் மென்பொருள்கள் யாவும் விடுதி மாணவியரைப் போன்றவை. வட்டு, திரை, விசைப்பலகை, வலையிணைப்பு, நினைவகம் ஆகியவற்றை அவை நேரே தொட முடியாது. கெர்னலிடம் கேட்டே பெற வேண்டும். இவ்வாறு கேட்பதற்கு 'சிஸ்டம் கால்' என்று பெயர். "இந்தக் கோப்பைத் திற", "அதிலிருந்து இவ்வளவு படித்துக் கொடு", "திரையில் இதை எழுது", "கோப்பை மூடு" என்பன போன்ற விண்ணப்பங்கள் ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கில் வந்து போகின்றன.

இனி, சாளரத்தின் அருகே ஒரு பதிவேட்டை வைத்து, எந்த மாணவி எத்தனை மணிக்கு வந்தாள், என்ன கேட்டாள், என்ன விடை பெற்றாள், எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று ஒருவர் குறித்துக்கொண்டே வந்தால் எப்படி இருக்கும்? காலைச் சிற்றுண்டி ஏன் தாமதமாகிறது என்பது அந்தப் பதிவேட்டைப் படித்தாலே விளங்கிவிடும் அல்லவா? கணிப்பொறியில் அத்தகைய பதிவேட்டை எழுதுவதே 'ட்ரேசிங்', அதாவது தடம் பற்றிப் பார்த்தல் ஆகும்.

செவ்வாய்க் கோளில் நின்ற கலம்

இவ்வித்தையின் பெருமையை உணர்த்த ஒரு வரலாறு உண்டு. 1997 ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்காவின் 'பாத்ஃபைண்டர்' விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணிப்பொறி அவ்வப்போது தானாகவே நின்று மீண்டும் தொடங்கலாயிற்று. பல கோடி மைல்களுக்கு அப்பால் இருக்கும் பொறியை யார் சென்று பழுது பார்ப்பது?

அக்கலத்தில் இருந்தது லினக்ஸ் அன்று. 'விஎக்ஸ்வொர்க்ஸ்' என்னும் வேறோர் இயக்க முறைமை. ஆயினும் அதிலும் தடம் பற்றும் வசதி இருந்தது. கலிபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தினர், தம்மிடமிருந்த அதேபோன்ற மற்றொரு கணிப்பொறியில் தடப் பதிவை இயக்கிவிட்டு, அதே பிழை நிகழும் வரை ஓட்டிப் பார்த்தனர். பதிவைப் படித்ததும் உண்மை வெளிப்பட்டது.

நடந்தது இதுதான். தாழ்ந்த நிலையிலிருந்த வானிலைப் பணி ஒன்று, பொதுவான ஒரு பூட்டின் சாவியை வைத்திருந்தது. மிக உயர்ந்த பணி ஒன்று அதே சாவிக்காகக் காத்திருந்தது. இடைப்பட்ட நிலையிலுள்ள வேறு பணிகள் வந்து வானிலைப் பணியை ஓடவிடாமல் தடுத்தன. சாவியை வைத்திருந்த சிறுமியை நடுவிலுள்ளோர் வழிமறித்தால், தலைமைச் சகோதரியே ஆனாலும் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதானே? உயர்ந்த பணி குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு, கணிப்பொறியையே மீண்டும் தொடங்கச் செய்தது. காரணம் தெரிந்தபின் தீர்வு எளிதாயிற்று. சாவி வைத்திருப்பவளுக்கு, காத்திருப்பவரின் உயர்வையே தற்காலிகமாகக் கொடுத்துவிடும் ஒரு திருத்தத்தைப் பூமியிலிருந்தே அனுப்பினர். கலம் தன் பணியைத் தொடர்ந்தது.

கருவிகள் நான்கு

லினக்ஸில் இத்தகைய கருவிகள் பல உள்ளன. அவற்றுள் தொடக்க நிலையில் அறிய வேண்டியவை நான்கு.

முதலாவது 'எஸ்ட்ரேஸ்'. இது ஒரே ஒரு மென்பொருளின் பின்னால் நின்று, அது கெர்னலிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் எழுதிக் காட்டும். 1991-இல் பால் கிரானன்பர்க் என்பவர் சன்ஓஎஸ் என்னும் வேறொரு முறைமைக்காக இதை எழுதினார்; பின்னர் லினக்ஸுக்கு வந்தது.

இரண்டாவது 'எஃப்ட்ரேஸ்'. இது கெர்னலுக்குள்ளேயே இருப்பது. ஸ்டீவன் ராஸ்டெட் என்பவரின் உழைப்பால் 2008-இல் லினக்ஸ் 2.6.27 பதிப்பில் சேர்ந்தது. கெர்னலின் உள்ளே எந்தச் செயற்கூறு எதை அழைக்கிறது என்பதை இது காட்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. கெர்னலின் பெரும்பாலான செயற்கூறுகளின் தொடக்கத்தில் ஒரு சிறு இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். பதிவு தேவையில்லாத போது அங்கே 'ஒன்றும் செய்யாதே' என்னும் ஆணை இருக்கும். தேவைப்படும்போது அதை அழித்துவிட்டுப் 'பதிவு செய்' என்னும் ஆணை வைக்கப்படும். ஆதலால் கருவி உறங்கும்போது கணிப்பொறிக்குச் சுமை ஏதும் இல்லை என்றே கூறலாம்.

மூன்றாவது 'பெர்ஃப்'. 2009-இல் 2.6.31 பதிப்பில் வந்தது. இது எல்லாவற்றையும் எழுதாமல், குறித்த இடைவெளியில் எட்டிப் பார்த்து, "இந்த நொடியில் செயலி யாருக்காக உழைக்கிறது?" என்று குறித்துக்கொள்ளும். ஆயிரம் முறை எட்டிப் பார்த்ததில் எழுநூறு முறை ஒரே வேலை கண்ணில் பட்டால், நேரம் எங்கே போகிறது என்பது தெளிவாகும்.

நான்காவது 'பிபிஎஃப்ட்ரேஸ்'. 1992-இல் பெர்க்லியில் ஸ்டீவன் மெக்கேன், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவர் வலைச் செய்திகளைச் சலித்தெடுக்க ஒரு முறையை வகுத்தனர். 2014-இல் அலெக்சி ஸ்டாரோவாய்டோவ் என்பவர் அதை விரிவாக்கி, நாம் எழுதும் சிறு நிரல்களைக் கெர்னலுக்குள்ளேயே ஓடச் செய்தார். வெளியார் எழுதிய நிரலை உள்ளே விடுவது ஆபத்தல்லவா? ஆகவே வாயிலில் ஒரு சோதனையாளர் உண்டு. முடிவின்றிச் சுற்றும் நிரலையும், தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொடும் நிரலையும் அது உள்ளே விடாது. இவ்வழியில் எளிதாகக் கேள்வி கேட்க உதவும் கருவியே பிபிஎஃப்ட்ரேஸ். இதை 2018-இல் அலஸ்டர் ராபர்ட்சன் என்பவர் வெளியிட்டார்.

நிறுவும் முறை

டெபியன், உபுண்டு, பாஸ் ஆகிய வகைகளுக்கு ஏற்ற முறையைக் கூறுகிறோம். கட்டளைகளை இங்கே ஒலிப்பு முறையில் தமிழில் தருகிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் தட்ட வேண்டும். ஆசிரியையோ அண்ணனோ அருகில் இருந்தால் முதல் முறை எழுத்துக்களைக் காட்டித் தருவார்கள்.

1. 'டெர்மினல்' எனப்படும் கட்டளைச் சாளரத்தைத் திறக்கவும். கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் பெரும்பாலான பொறிகளில் அது திறக்கும்.

2. 'யூநேம்' என்று தட்டி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் ஆர் எழுத்தும் தட்டி என்டர் விசையை அழுத்தவும். கெர்னலின் பதிப்பு எண் தெரியும். அது 4.9 அல்லது அதற்கு மேற்பட்டதானால் நான்கு கருவிகளும் பயன்படும். குறைந்ததானால் முதல் மூன்று போதும்.

3. 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்னும் கட்டளையைத் தரவும். கடவுச்சொல் கேட்கும். அதைத் தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாமல் இருக்கலாம். அஞ்ச வேண்டாம், அது மறைத்துக் கேட்கும் வழக்கம். 'சூடோ' என்பது பொறியின் முழு அதிகாரத்தையும் ஒரு கட்டளைக்கு மட்டும் கடனாகப் பெறுவதாகும்.

4. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று தட்டி, அதே வரியில் எஸ்ட்ரேஸ், ட்ரேஸ்-சிஎம்டி, பிபிஎஃப்ட்ரேஸ் என்னும் மூன்று பெயர்களையும் இடைவெளி விட்டுத் தட்டவும். ட்ரேஸ்-சிஎம்டி என்பது எஃப்ட்ரேஸை எளிதாக இயக்க உதவும் துணைக் கருவி, ராஸ்டெட்டே எழுதியது.

5. பெர்ஃப் கருவி டெபியனில் 'லினக்ஸ்-பெர்ஃப்' என்ற பெயரிலும், உபுண்டுவில் 'லினக்ஸ்-டூல்ஸ்-ஜெனரிக்' என்ற பெயரிலும் உள்ளது. உரியதை அதே முறையில் நிறுவவும்.

எஃப்ட்ரேஸுக்கு நிறுவல் ஏதும் வேண்டாம். கெர்னலோடு பிறந்தது அது. 'சிஸ்' என்னும் அடைவுக்குள் 'கெர்னல்', அதற்குள் 'ட்ரேசிங்' என்னும் அடைவில் அது காத்திருக்கிறது.

பயன்படுத்தும் முறை

முதலில் எஸ்ட்ரேஸ். ஓர் அடைவில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' என்பது மிக எளிய கட்டளை. அதன் முன்னே எஸ்ட்ரேஸ் என்று சேர்த்து, 'எஸ்ட்ரேஸ் எல்எஸ்' என்று தட்டிப் பாருங்கள். திரை முழுவதும் வரிகள் ஓடும். நாலு பெயர்களைக் காட்டுவதற்கு இவ்வளவு விண்ணப்பங்களா என்று வியப்பு உண்டாகும்.

ஒவ்வொரு வரியும் ஒரே அமைப்பு உடையது. முதலில் கேள்வியின் பெயர். பிறகு அடைப்புக்குள் விவரம். பிறகு சமக் குறி. இறுதியில் கெர்னலின் விடை. விடை கழித்தல் ஒன்று என்று இருந்தால் "முடியாது" என்று பொருள்; காரணமும் அருகில் இருக்கும். 'ஈனோஎன்ட்' என்றால் "அப்படியொரு கோப்பே இல்லை" என்றும், 'ஈஆக்சஸ்' என்றால் "உனக்கு அனுமதி இல்லை" என்றும் பொருள். இவ்விரண்டையும் அறிந்துகொண்டாலே பாதி நோய்களைக் கண்டுபிடித்துவிடலாம். சில சமயம் ஒரு மென்பொருள் "பிழை" என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். எந்தக் கோப்பைத் தேடி அது ஏமாந்தது என்பதை எஸ்ட்ரேஸ் பெயர் சொல்லிக் காட்டிவிடும். ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்க. நல்ல நிலையில் உள்ள மென்பொருளும் ஒரே கோப்பை நாலு இடத்தில் தேடி, ஐந்தாம் இடத்தில் கண்டெடுப்பது உண்டு. எனவே ஒவ்வொரு "இல்லை"யும் நோயாகாது.

கட்டளையோடு கழித்தல் குறியும் சிறிய சி எழுத்தும் சேர்த்தால், வரிகளுக்குப் பதில் ஒரு கணக்குப் பட்டியல் வரும்: எந்தக் கேள்வி எத்தனை முறை, எத்தனை தோல்வி, எவ்வளவு நேரம். கழித்தல் குறியும் பெரிய டி எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் அக்கேள்விக்கு ஆன நேரம் நொடிக் கணக்கில் வரும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கணிப்பொறி அறையில் உள்ள ஒரு பொறியில், எந்த வலைமுகவரியைத் தேடினாலும் சற்று நேரம் திகைத்து நின்றுவிட்டுப் பிறகே வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் "பொறி பழசு" என்கின்றனர். பெரிய டி சேர்த்து எஸ்ட்ரேஸ் ஓட்டுகிறோம். நூற்றுக்கணக்கான வரிகளில் நேரம் மிகச் சிறிய பின்னமாக இருக்கிறது. 'போல்' என்னும் ஒரே ஒரு வரியில் மட்டும் ஐந்து நொடி! அதற்கு மேலுள்ள வரிகளைப் பார்த்தால், முகவரிகளின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் பணிப்பொறி ஒன்றிடம் கேள்வி போயிருக்கிறது, விடை வரவில்லை. லினக்ஸின் வழக்கப்படி ஐந்து நொடி காத்திருந்து, பிறகு இரண்டாவது பணிப்பொறியிடம் கேட்டு விடை பெற்றிருக்கிறது. முதற் பணிப்பொறி எப்போதோ நின்றுபோனது. அதன் எண்ணை மட்டும் அமைப்புக் கோப்பிலிருந்து யாரும் நீக்கவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்தினால் பொறி இளமை பெற்றுவிடும். செலவு ஒரு காசும் இல்லை.

அடுத்து எஃப்ட்ரேஸ். 'சூடோ ட்ரேஸ்-சிஎம்டி ரெக்கார்டு' என்று தட்டி, கழித்தல் குறியும் சிறிய பி எழுத்தும், பிறகு 'ஃபங்ஷன் கிராஃப்' என்னும் பெயரை இடையே அடிக்கோடு இட்டும், பிறகு ஆராய வேண்டிய கட்டளையையும் தரவும். முடிந்ததும் 'ட்ரேஸ்-சிஎம்டி ரிப்போர்ட்' என்றால் பதிவு திரையில் விரியும். யார் யாரை அழைத்தார், எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது படிப்படியாக உள்தள்ளி எழுதப்பட்டிருக்கும். நேரம் மைக்ரோ நொடியில் இருக்கும். ஒரு நொடியைப் பத்து இலட்சமாகப் பிரித்த பங்கு அது. பத்து மைக்ரோ நொடியைத் தாண்டினால் கூட்டல் குறியும், நூற்றைத் தாண்டினால் வியப்புக் குறியும் ஓரத்தில் நிற்கும். ஆயிரமாயிரம் வரிகளில் ஓரத்துக் குறியைத் தேடிப் பார்த்தால் உதவும். ஆசிரியை விடைத்தாளின் ஓரத்தில் இடும் சிவப்பு மை அடையாளம் போன்றது அது.

கெர்னல் இப்பதிவை வட்டமான ஓர் ஏட்டில் எழுதுகிறது. ஏடு நிறைந்தால் பழைய வரிகளை அழித்துப் புதியதை எழுதும். ஆகையால் பதிவை நெடுநேரம் ஓடவிடாமல், பிழை நிகழும் நேரத்தை ஒட்டிச் சில நொடிகள் மட்டும் ஓடவிடுவது அறிவுடைமை.

பெர்ஃப் கருவியில் 'சூடோ பெர்ஃப் டாப்' என்னும் கட்டளையே தொடக்கத்திற்குப் போதும். செயலியின் நேரத்தை யார் உண்கிறார் என்பதைப் பெருந்தீனிக்காரர் முதலாக வரிசைப்படுத்திக் காட்டும். விசிறி இரைச்சலோடு சுற்றி, பொறி சூடேறும் வேளையில் இதைப் பார்க்கலாம்.

பிபிஎஃப்ட்ரேஸோடு ஆயத்தமான சிறு நிரல்கள் சில சேர்ந்தே வருகின்றன. 'ஓப்பன்ஸ்னூப்' என்பது எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் திறக்கிறது என்பதையும், 'எக்செக்ஸ்னூப்' என்பது நமக்குத் தெரியாமல் எந்தப் புதிய மென்பொருள் தொடங்குகிறது என்பதையும், 'பயோலேட்டன்சி' என்பது வட்டு எத்தனை நேரத்தில் விடை தருகிறது என்பதையும் காட்டும். இவை பொறி முழுவதையும் ஒருங்கே நோக்குவன. கண்ட்ரோல், சி விசைகளை அழுத்தினால் நின்றுவிடும்.

அரை நொடியில் அகப்பட்ட திருடன்

இக்கருவிகளை வைத்து வேகம் மட்டுந்தான் பார்க்கலாமோ என்று எண்ணலாம். 2024 மார்ச் மாதம் நடந்ததைக் கேளுங்கள். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் தம் பணிக்காக டெபியனின் நிலைபெறாத மேம்பாட்டுப் பதிப்பில் சில அளவீடுகளைச் செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து பொறிக்குள் நுழைய உதவும் மென்பொருள், வழக்கமாக 0.3 நொடியில் முடிக்கும் வேலைக்கு 0.8 நொடி எடுத்துக்கொண்டது. வித்தியாசம் அரை நொடிதான். நம்மில் பலர் கவனித்திருக்கவே மாட்டோம். அவரோ பெர்ஃப் கருவியை ஓட்டிப் பார்த்தார். கோப்புகளைச் சுருக்க உதவும் 'எக்ஸ்இசட்' என்னும் தொகுப்பின் நூலகத்தில், காரணமில்லாமல் நேரம் கழிவதைக் கண்டார். தோண்டிப் பார்த்ததில், அதற்குள் ஒரு கள்ளக் கதவு வைக்கப்பட்டிருந்தது! சாவி வைத்திருப்பவன் உலகின் எண்ணற்ற கணிப்பொறிகளுக்குள் புகுந்து ஆணையிட வழி செய்யும் கதவு அது.

அத்தொகுப்பைப் பல ஆண்டுகள் ஊதியமின்றிக் காத்து வந்தவர் ஒருவரே. களைத்துப்போன அவருக்கு உதவுவதாக வந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்லவராகவே பணி செய்து, நம்பிக்கையைப் பெற்று, பிறகே நஞ்சைக் கலந்தார். ஃபிராய்ண்ட் இதை உலகுக்கு அறிவித்தது 2024 மார்ச் 29. அன்று பெரிய வெள்ளிக்கிழமை. பொதுமக்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளுக்குப் பரவுமுன் அது தடுக்கப்பட்டது. அரை நொடியை அலட்சியம் செய்யாத ஒருவரின் கவனம் பல நாடுகளைக் காத்தது. அவர் பார்க்க முடிந்ததற்குக் காரணம், லினக்ஸில் எல்லாம் திறந்தே இருப்பதுதான். பூட்டிய பெட்டிக்குள் இருந்திருந்தால் யார் கண்டிருப்பார்?

செய்யத் தகாதவை

கூரிய கத்தி காயும் நறுக்கும், கையையும் அறுக்கும். ஆகவே சில எச்சரிக்கைகள்.

எஸ்ட்ரேஸ் ஒவ்வொரு கேள்வியிலும் மென்பொருளை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதால், அதன் வேகத்தைப் பெரிதும் குறைக்கும். மதிப்பெண் பட்டியலோ கட்டணக் கணக்கோ ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகப் பொறியில் வேலை நேரத்தில் இதைச் செய்தல் ஆகாது. தடப் பதிவுக் கோப்புகள் விரைவில் பெருத்து வட்டை நிரப்பிவிடும். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். முழு அதிகாரத்தோடு தட்டும் கட்டளைகளில் எழுத்துப் பிழை கூடாது. என்டர் விசையை அழுத்துமுன் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரியது மற்றொன்று. இக்கருவிகள் மென்பொருள் படிப்பதையும் எழுதுவதையும் காட்டுவதால், ஒருவர் தட்டும் கடவுச்சொல்லும், எழுதும் கடிதமும் அப்பதிவில் வந்துவிடக்கூடும். இதனாலேயே லினக்ஸ் இவற்றுக்கு அதிகாரம் கேட்கிறது. அதிகாரம் கையில் இருப்பது மட்டும் போதாது. உரியவரின் இசைவும் வேண்டும். பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது எத்தகைய குற்றமோ, இசைவின்றிப் பிறர் பொறியில் தடம் பற்றுவதும் அத்தகைய குற்றமே. நம் பொறியின் பதிவை உதவிக்காகப் பிறருக்கு அனுப்பும்போதும், அதில் நம் வீட்டாரின் மறைபொருள் ஏதும் இல்லை என்று பார்த்தே அனுப்ப வேண்டும். யாரும் பாராத இடத்திலும் நேர்மையாக நடப்பவளுக்கே இக்கருவி உரியது.

முடிவாக

கணிப்பொறி மந்திரப் பெட்டி அன்று. மனிதர் எழுதிய ஆணைகளே அதில் ஓடுகின்றன. மனிதர் எழுதியதை மனிதர் படிக்க முடியும். மாணவியரும் படிக்க முடியும். பெண்களுக்கு இயந்திரம் எதற்கு என்று கேட்டோரின் காலம் போய்விட்டது. ஆனால் "அண்ணன் வந்து பார்க்கட்டும்" என்று நாமே விலகி நிற்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் போகவில்லை. அதைப் போக்க வேண்டியவர்கள் நாமே.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். புதிய பொறி வாங்குமுன், பழையதை ஒரு வாரம் உங்கள் மகளிடம் கொடுத்துப் பாருங்கள். அவள் காரணத்தைக் கண்டால் பணம் மிஞ்சும். பொறி உண்மையிலேயே தேய்ந்துபோயிருந்தால், அதையும் சான்றோடு சொல்வாள்.

காணாமல் குறை கூறுவது எளிது. கண்டபின் கூறுவது அறிவு. இப்பழக்கம் கணிப்பொறிக்கு மட்டும் உரியதன்று. தாமதமாய் வந்த தோழியை, கோபித்துக்கொண்ட தங்கையை, சோர்ந்திருக்கும் அன்னையைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன்னும், அவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள், எங்கே தடைபட்டார்கள் என்று பொறுமையோடு பார்ப்போமாக. இறைவன் தந்த கண்ணையும் அறிவையும் அவ்வழியில் பயன்படுத்துவோம்.